தகுதிக்கேற்ற ஆயுதம்

பொத்தேரியில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையின் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைக் குடை மாதிரி சுவரோரம் சாய்த்துவிட்டுப் பென்ஷன் வாங்க வரும் பாட்டிகளுக்குச் சலான் நிரப்பிக் கொடுப்பார். சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போகும் பையனுக்குக் கல்விக் கடன் கேட்டு வந்த தகப்பனார் ஒருவர், கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏன் சார், அங்க கடையிலயே துப்பாக்கி விக்கிறாங்களாமே?" என்னிடம் பதில் இல்லை. காவலர்தான் சொன்னார்: "வாங்கறது சுலபம் சார். எண்ணெய் போட்டுத் துடைச்சு வெக்கறதுதான் கஷ்டம்."

இந்தக் கட்டுரை அந்தத் தகப்பனாருக்கான பதில் இல்லை. டெக்ஸாஸிலிருந்து வந்த ஒன்பது பக்கக் கடிதம் ஒன்றுக்கு. (ஈமெயில்தான். ஒன்பது பக்கம் எழுதியவருக்கு மரியாதையாகக் கடிதம் என்கிறேன்.) எழுதியவர் தாம்பரத்தில் என்னோடு பி.ஏ. ஆங்கிலம் படித்தவர். இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களில் அவர் கவிதைகள் வந்திருக்கின்றன; வாசகர்களில் பாதிப்பேருக்கு அவரை நேரில் தெரியும். இப்போது அவர் அமெரிக்கக் கன்சர்வேடிவ். கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார். 2021 செப்டம்பரிலிருந்து டெக்ஸாஸில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கப் பெரும்பாலோருக்கு லைசென்ஸும் தேவையில்லை. 2025 செப்டம்பர் 10ஆம் தேதி யூட்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்ட வாரத்தில் எழுதப்பட்ட கடிதம் அது. ஆயுத உரிமைக்கு விலையாக வருஷந்தோறும் சில சாவுகள் நேர்வதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று 2023இல் பேசியவர் கர்க். அதை எடுத்துச் சொல்லிக் கேலி செய்தவர்கள் மீது நண்பருக்கு வந்திருக்கும் கோபம் நியாயமானது. செத்தவனுடைய வாக்கியத்தையே அவன் நெஞ்சில் குத்துவது விமர்சனமாகாது.

ஆனால் கடிதத்தின் பெரும்பகுதி சரித்திரம். அதில்தான் எனக்குத் தகராறு. அவர் வாதத்தைச் சுருக்குகிறேன். தமிழன் ஆயுதத்தோடு வாழ்ந்தவன். நடுகல் நட்டவன். 1801இல் வெள்ளைக்காரன் ஆயுதத்தைப் பிடுங்கினான். 1878இல் சட்டம் போட்டு இந்தியா முழுவதையும் நிராயுதபாணியாக்கினான். 1959இல் நாமே அதைப் புதுப்பித்துக்கொண்டோம். அமெரிக்கன் மட்டும் தன் அரசாங்கத்தைத் தன்னைக் கண்டு பயப்பட வைத்திருக்கிறான். காந்திகூட இதைத்தான் சொன்னார். லைசென்ஸ் என்ற சொல்லே அடிமையின் சொல்.

அலட்சியம் பண்ணக்கூடிய வாதம் இல்லை இது. தேதிகளே அவர் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். ஆயுதம் வைத்துக்கொள்ளும் ஜனங்களின் உரிமையைப் பேசும் அமெரிக்க இரண்டாவது திருத்தம் நிறைவேறியது 1791 டிசம்பர் 15. பத்து வருஷத்துக்கு இரண்டு வாரம் குறைய, 1801 டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து பிரகடனம் வெளியிட்டார். இரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கிறார்: காரன்வாலிஸ். 1781இல் யார்க்டவுனில் துப்பாக்கியேந்திய குடியானவர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து தோற்கடித்த அதே காரன்வாலிஸ், திருத்தம் அங்கே சட்டமான வாரத்தில், இங்கே மைசூரில் திப்புவின் சாவனதுர்க்கத்தை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். டிசம்பர் 21இல் கோட்டை விழுந்தது. ஒரு கண்டத்தில் கற்ற பாடத்தை இன்னொரு கண்டத்தில் பிரயோகித்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அப்படி நிரூபிக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு மேஜர் பானர்மன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவிட்டார். இரண்டு வருஷத்தில் மறுபடி கலகம். 1801 அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் படையெடுப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று பின்னாளில் எழுதிவைத்தான். சொல்லிக்கொடுத்தவரைத் தேடிக் கற்றுக்கொண்டவன் காட்டுக்குள் போகிறான். நம் சரித்திர நாவலாசிரியர்கள் இதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. காதலி இல்லாத குறையாக இருக்கலாம்.

அந்த ஆயுதம் யாருடையது என்று நண்பர் கேட்கவில்லை. பாளையக்காரனின் ஆட்பலம் காவல் என்ற ஏற்பாட்டோடு பிணைந்தது. தேசகாவல், தலங்காவல் என்ற பெயர்களில் குடியானவன் காவலுக்குப் பணமும் தானியமும் கொடுத்தான். கொடுத்தவன் கையில் ஈட்டி இல்லை, வாங்கியவன் கையில் இருந்தது. கொடுக்காதவன் வீட்டில் மாடு காணாமல் போகும். கும்பெனிக்காரன் அழித்த ஏற்பாடு இது. அழித்தது ஜனங்களின் மீதுள்ள பரிவால் அல்ல, அந்த வசூலைத் தான் எடுத்துக்கொள்ள. ஆனாலும் அழிந்ததை ஜனங்களின் ஆயுத உரிமை என்று இன்று பெயர் மாற்றுவது சரித்திரம் ஆகாது.

1801 ஜூன் 16 தேதியிட்டுத் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் சீரங்கத்திலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் ஜம்புத்தீவுப் பிரகடனத்தை நண்பர் உணர்ச்சியோடு எடுத்துக்காட்டுகிறார். அது மகத்தான பிரதி. பாளையத்துக்குப் பாளையம் தனித்தனியே அடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெருநிலப்பரப்பு முழுவதையும் நோக்கிப் பேசியது. அதை வாசித்த நாளில் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் விமர்சகனின் கெட்ட பழக்கம், விளிப்பைப் பார்ப்பது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று அது ஆட்களை அழைக்கிறது. எண்ணிப் பாருங்கள். நாலு வர்ணமும் முசல்மானும். ஐந்தாவது ஆளைக் கூப்பிடவில்லை. அவன் போரில் இருந்திருப்பான், செத்தும் இருப்பான். அழைப்பில் இல்லை.

இது மருதுவுக்கு மட்டும் உரிய குறை என்று சொல்லவரவில்லை. ஆயுத உரிமையின் மூலப்பத்திரம் என்று அமெரிக்க நீதிபதிகளே பின்னோக்கிச் சுட்டும் 1689ஆம் வருஷத்து ஆங்கிலேய உரிமைச் சாசனத்தைப் பாருங்கள். புராட்டஸ்டண்ட் பிரஜைகள் தங்கள் தற்காப்புக்காக, தங்கள் தகுதிக்கேற்ற, சட்டம் அனுமதிக்கும் ஆயுதங்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. கத்தோலிக்கன் இல்லை. 'தகுதிக்கேற்ற' என்ற சொல்லைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். பி.ஏ. வகுப்பில் அந்தச் சாசனத்தைச் சுதந்திரத்தின் தாய் என்று படித்தோம். இந்தச் சொல்லில் யாரும் நிற்கவில்லை.

1878க்கு வருவோம். லிட்டன் பிரபு அந்த ஒரே வருஷத்தில் இரண்டு காரியம் செய்தார். மார்ச்சில் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டம். அதே வருஷம் ஆயுதச் சட்டம். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் 1882இல் நீக்கினார். ஆயுதச் சட்டம் நீடித்தது. எழுத்தை விட்டுக்கொடுக்கலாம், துப்பாக்கியைக் கூடாது என்ற அரசாங்கக் கணக்கு அது. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இதில் அவமானப்பட ஏதோ இருக்கிறது. இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. விலக்குப் பட்டியலில் மன்னர்களும் பட்டம் பெற்ற பெரிய மனிதர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில், பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடியது. விபின் சந்திர பால் ஆயுதச் சட்டத்தை எதிர்த்துக் கடுமையாகப் பேசினார். தீர்மானமும் நிறைவேறியது. நண்பரின் கடிதத்தில் இது பெருமையாக வருகிறது: "நம்ம மெட்ராஸில், நம்ம மண்ணில்." தீர்மானத்தை முழுக்க அவர் படிக்கவில்லை. எல்லோரும் ஆயுதம் ஏந்த அனுமதி வேண்டும் என்று கேட்டுவிட்டு, தனிநபர்களாகவோ குறிப்பிட்ட சமூகங்கள், வகுப்புகளைச் சேர்ந்தவர்கள் என்ற முறையிலோ அரசாங்கம் விலக்கிவைத்தவர்கள் நீங்கலாக, என்கிறது. ஒரு சமூகத்தையே முழுசாக விலக்கிவைக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்று காங்கிரஸ் தானே எழுதிக் கொடுத்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இலேயே வந்துவிட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாநாட்டுப் பந்தலுக்குள் இருந்தவர்களுக்கு யார் நினைவில் இருந்தார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

காந்தி விஷயம். ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தைப் பிரிட்டிஷ் ஆட்சியின் படுமோசமான காரியமாகச் சரித்திரம் கருதும் என்று அவர் சொன்னது உண்மை. அமெரிக்கத் துப்பாக்கி வட்டாரங்களில் அந்த வாக்கியத்துக்கு நல்ல செலாவணி. எப்போது சொன்னார்? 1918இல், கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்து, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஆள் சேர்த்தபோது. ஆயுதச் சட்டம் போக வேண்டுமானால், ஆயுதம் பழக இதுவே தருணம், பட்டாளத்தில் சேருங்கள் என்பது அடுத்த பேச்சு. அரசாங்கத்தைப் பயமுறுத்த ஆயுதம் கேட்டவரல்ல. அரசாங்கத்துக்காகச் சுடப் போகச் சொன்னவர். அகிம்சைவாதிக்கு அது சங்கடமான அத்தியாயம், அவரே அதை மறைக்கவில்லை. பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் மறைக்கிறார்கள்.

1911 ஜூன் 17, மணியாச்சி. வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த புதுச்சேரிதான் அன்று இத்தகைய காரியங்களுக்குக் கருவறை. வ.வே.சு. ஐயர் அங்கே சுடக் கற்றுக்கொடுத்தார். கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட அந்த இளைஞனின் தைரியத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் அவன் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில், முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜுக்கு அவன் கொடுத்த பெயர் 'பஞ்சமன்'. ஐந்தாமவன், தீண்டப்படாதவன். ஒரே சொல்லில் இரண்டு வசை. இதைவிடக் கச்சிதமான சிலேடையை நம் புதுக்கவிஞர்கள் எழுதியதில்லை. 1801இல் அழைப்பிலிருந்து விடுபட்ட ஐந்தாமவன் 110 வருஷம் கழித்து வசையாகத் திரும்பி வருகிறான். நண்பர் வாஞ்சியைத் துப்பாக்கியேந்திய முதல் சுதந்திரத் தமிழன் என்கிறார். எந்தச் சுதந்திரம், யாருக்கு என்று அந்தக் கடிதத்தையே கேட்டுப் பார்க்கலாம்.

1928 நேரு அறிக்கையிலும் 1931 கராச்சித் தீர்மானத்திலும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை, விதிகளுக்கு உட்பட்டு, அடிப்படை உரிமைகளின் பட்டியலில் இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பர் தொடக்கத்தில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் அம்பேத்கர். திருடனும் கொலைகாரனும் பிரஜைதான், எல்லோருக்கும் இப்படியோர் உரிமையைக் கொடுக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. நம் சாசனத்தில் ஆயுதம் தாங்கும் உரிமை ஒரே ஒரு இடத்தில் எஞ்சியது: 25ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பில், சீக்கியரின் கிர்பான். நண்பர் இங்கே அம்பேத்கரைப் பிரிட்டிஷ் மனோபாவத்தின் கைதி என்று எழுதுகிறார். எனக்குக் கோபம் வந்த ஒரே இடம் அது. கிராமத்தில் உரிமை என்று எழுதிவைத்தால் யார் வீட்டுச் சுவரில் துப்பாக்கி முதலில் தொங்கும் என்பது அந்தச் சபையில் வேறு யாரையும்விட அம்பேத்கருக்குத் தெரியும். அவர் இந்தக் காரணத்தைச் சபையில் சொல்லவில்லை. இது என் ஊகம்.

நண்பருடைய வாதத்தின் பலமான பகுதி அமெரிக்கக் கறுப்பரைப் பற்றியது. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் யோக்கியனில்லை. 1857 ட்ரெட் ஸ்காட் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பரைப் பிரஜைகளாக ஏற்றால் போகுமிடமெல்லாம் அவர்கள் ஆயுதம் எடுத்துச் செல்வார்களே என்று பயந்தார். 1892இல் ஐடா வெல்ஸ், கறுப்பர் வீடு ஒவ்வொன்றிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்குக் கௌரவமான இடம் தர வேண்டும் என்று எழுதினார். அவருடைய நண்பர்களைச் சுட்டுக் கொன்ற வருஷம் அது. 1967இல் கலிபோர்னியாவில் கறுஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு சட்டசபைக்குள் நடந்ததும், பொது இடங்களில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு திரிவதைத் தடை செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் கவர்னர் ரொனால்ட் ரீகன். கன்சர்வேடிவ்களின் குலதெய்வம். 2022 புரூயென் வழக்கில், வீட்டுக்கு வெளியே ஆயுதம் ஏந்தும் உரிமையை உறுதி செய்து பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கிளாரன்ஸ் தாமஸ் கறுப்பர். டேனியின் அந்தப் பயத்தையே அந்த உரிமைக்குச் சாட்சியாக எடுத்துக்காட்டினார். எதிரியின் வாக்குமூலத்தை ஆவணமாக்கும் வாசிப்பு அது. ஒரு விமர்சகனாக எனக்குப் பொறாமை.

ஆனால் தீர்ப்பில் உள்ள உரிமை தெருவில் என்ன ஆகிறது? 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற கறுப்பரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவரிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி இருந்தது. இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். சில விநாடிகளில் சுடப்பட்டார். சுட்ட போலீஸ்காரர் அடுத்த வருஷம் விடுதலையானார். 1689இன் 'தகுதிக்கேற்ற' என்ற சொல்லைச் சாசனத்திலிருந்து அமெரிக்கர்கள் நீக்கினார்கள். அது போலீஸ்காரனின் விரலில் தங்கிவிட்டது. நண்பர் என் தோலைவிடக் கொஞ்சம் கறுப்பு. இதை எழுதலாமா என்று யோசித்து, எழுதுகிறேன். 2025 பிப்ரவரியில் இரண்டாவது திருத்தத்தைப் பாதுகாக்க உத்தரவு போட்ட அதே ஜனாதிபதி, செப்டம்பரில் புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு லட்சம் டாலர் கட்டணம் வைத்தார். துப்பாக்கி உண்டு, தம்பி வரக்கூடாது.

நம் ஊர்க் கன்சர்வேடிவ் ஒருவரை நினைத்துக்கொள்கிறேன். ராஜாஜி. லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் என்று ஓர் அரசையே பெயர் சூட்டி எதிர்த்தவர். ஆனால் 1962இல், எண்பது வயதைத் தாண்டி, அவர் அமெரிக்காவுக்குப் போனது கென்னடியிடம் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்ல. மறுவருஷம் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி ஒரு பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்கியது.

இனி நம் ஜில்லாக்கள். 1959 ஆயுதச் சட்டம் லைசென்ஸைப் பயிர்க்காவலோடும் தற்காப்போடும் இணைக்கிறது. எவனுக்குப் பயிர் உண்டோ அவனுக்குக் காரணம் உண்டு. பக்கத்துக் குடகில் 'கூர்க் இனத்தாருக்கு' லைசென்ஸே வேண்டாம் என்ற பிரிட்டிஷ் காலத்து விலக்கு 2019இல் பத்து வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டது. விசுவாசத்துக்குக் கிடைத்த சலுகை, மரபாகிவிட்டது. நம் நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கிக்கு 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு சுட ஒன்றுமில்லை. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த சட்டத்தின் தலைப்பில் 'இரண்டாவது திருத்தம்' என்ற சொற்கள் வருகின்றன. தற்செயல்தான். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. 44 பேர் எரிக்கப்பட்ட அந்த இரவில் வந்தவர்களிடம் துப்பாக்கிகளும் இருந்தன. குடிசைக்குள் ஓடி ஒளிந்ததே அதற்குப் பயந்துதான். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் இந்த வேலைக்கு நடந்து வந்திருப்பார்களா என்று நீதிபதிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதுவும் தகுதி பற்றிய வாதம்தான். 'குருதிப்புன'லில் வரும் பண்ணையாரின் ஆண்மையின்மையைப் பற்றி நம் வட்டத்தில் எத்தனையோ பேசியாகிவிட்டது. துப்பாக்கியைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நண்பருக்குத் தெரியாத ஒரு விதியைச் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வந்த விதிகளில் மூன்றாவது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடிகள் அல்லாதாரின் ஆயுத லைசென்ஸ்களை, அவசியமானால், ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அவசியமானால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடிகளுக்கும் லைசென்ஸ் வழங்க வேண்டும். 'தகுதி' தலைகீழாகிய ஒரே இடம். ஐடா வெல்ஸின் வின்செஸ்டர் நம் அரசிதழில், குமாஸ்தா நடையில், ஓர் உட்பிரிவாக வந்து படுத்திருக்கிறது. அது எழுந்து நடக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டால் தெளிவான விடை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லும்போது சொல்வது யார், பொத்தேரியில் மாதச் சம்பளம் வாங்குகிறவனா, அவனுடைய அப்பாவா என்ற குழப்பம் வருகிறது.

2010 பொங்கலுக்கு நண்பர் என்னைத் தஞ்சாவூர் ஜில்லாவில் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். அவர் தாத்தா திண்ணையில் இருந்தார். எந்த ஊர் தம்பி என்றார். சொன்னேன். எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். காப்பி திண்ணைக்கே வந்தது, சாப்பாடும். நண்பர் ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு திண்ணையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் அம்மா இரண்டு தடவை உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. அதை நான் மறந்ததில்லை. திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துச் சுவரில் துப்பாக்கி தெரிந்தது. அருகில் மாட்டின் கொம்பு, ஒரு சாமி படம். 'வெறும் அலங்காரம்' என்றார் நண்பர், நான் கேட்காமலே.

தாத்தா போன வருஷம் காலமானார். துப்பாக்கி இப்போது போலீஸ் ஸ்டேஷனில். ஒன்பதாவது பக்கத்தின் கடைசிப் பத்தியில் நண்பர் ஒரு காரியம் கேட்டிருக்கிறார்: வாரிசு பெயருக்கு லைசென்ஸ் மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும், ஊரில் அப்பாவுக்கு இதெல்லாம் ஓடாது, நீ பாங்க்கில் இருப்பவன், விசாரித்துச் சொல். விசாரித்தேன். இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், விண்ணப்பப் படிவம். படிவத்தைத் தரவிறக்கிக் கிளையின் பிரிண்டரில் எடுத்தாகிவிட்டது. அனுப்ப வேண்டிய காகிதங்களோடு மேஜை இழுப்பறையில் இருக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை, திங்களன்று தபாலாபீஸ் போக வேண்டும்.